காற்றை ஒருவராவது அளந்து பார்த்தீர்களா?

அப்பா அம்மா வீட்டுக் கிணற்றுப் பம்பைப் பழுது பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். பம்புக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் படுத்துக் கிடக்கிற அந்தத் தொட்டியில் காற்று இருக்கிறதா என்று ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

அப்பா அம்மா இருப்பது பினாங்கில், நிபோங் திபாலுக்கு வெளியே, தோட்டத்தை விட்டு வந்த பிறகு தாத்தா வாங்கிய நிலத்தில். கிணற்றையும் தாத்தாதான் தோண்டி, சிமெண்டு வளையம் இறக்கினார். குடிக்கவும் சமைக்கவும் அரசாங்கத் தண்ணீர்; குளிக்க, துவைக்க, செடிகளுக்கு ஊற்றக் கிணற்றுத் தண்ணீர். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கு முழுக்கப் பல இடங்களில் நாள் கணக்கில் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது எங்கள் வரிசை முழுக்க அந்தக் கிணற்றடியில்தான் வாளியோடு நின்றது. அதைத்தான் மூன்றாவதாக வந்தவர் “இது செத்த கிணறு அங்கள், மூடிடுங்க” என்றார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கோளாறு ஆரம்பித்தது தீபாவளிக்கு முன்னால். அம்மா தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டு ஷவரைத் திறந்தால் பத்து விநாடி வேகமாக வரும், அப்புறம் நூல் மாதிரி இளைக்கும், மறுபடி வேகம். வெளியே பம்பு ‘டக்’ என்று ஓடும், ‘டக்’ என்று நிற்கும். ஒரு குளியலுக்குள் முப்பது நாற்பது தடவை. அறுபத்தெட்டு வயதுக்காரி கண்ணில் நுரையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்காகக் காத்து நிற்பாள்.

முதலில் வந்தவர், அழுத்தத்தைப் பார்த்துப் பம்பை ஓட வைத்து நிறுத்துகிற சுவிட்சின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய நட்டை இரண்டு சுற்று முறுக்கினார். “பிரஷர் ஏத்திட்டேன் அங்கள்.” 60 வெள்ளி (ரிங்கிட்). அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து பார்த்தால், வீட்டில் ஒரு பைப்பும் திறந்திருக்கவில்லை, பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கை வைக்க முடியாத சூடு. அந்தச் சின்னப் பம்பால் எட்டவே முடியாத அளவுக்கு நிறுத்தும் அழுத்தத்தை ஏற்றி வைத்துவிட்டால் அது எப்படி நிற்கும்? விடியும்வரை ஓடி, வெந்துதான் நின்றிருக்கும்.

இரண்டாமவர் நட்டைப் பழையபடி இறக்கினார். அதோடு போயிருந்தால் கும்பிட்டிருப்பேன். அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்து, “முள்ளு நாப்பதுல நிக்குது, ஆனா தண்ணி வரல. பம்புல தெம்பு இல்ல, பெருசா போட்டுடலாம்” என்றார். அரை ஹார்ஸ்பவரைக் கழற்றி ஒரு ஹார்ஸ்பவர் பம்பை மாட்டினார். 780 வெள்ளி, கூலி 120. அப்பாவின் இரண்டு மாத மருந்துச் செலவு அது. பழைய பம்பு “காயலாந்தான்” என்று லாரியில் ஏற்றிக்கொண்டும் போய்விட்டார்.

கோளாறு போனதா? கூடியது! காற்று இல்லாத தொட்டியில் பெரிய பம்பு இன்னும் சீக்கிரமாக அழுத்தத்தை ஏற்றிவிடும், இன்னும் சீக்கிரமாக நின்றுவிடும். முன்பு பத்து விநாடிக்கு ஒருமுறை அடித்த ‘டக்’ இப்போது நான்கு விநாடிக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கிறது. கிளம்பினால் ஒரு நிமிடமாவது ஓட வேண்டிய மோட்டார் அது. இது பம்பு விற்கிறவருக்குத் தெரியாதா? தெரியாவிட்டால் எந்த தைரியத்தில் எழுபத்திரண்டு வயது மனிதரிடம் 900 வெள்ளி வாங்குகிறீர்கள்?

மூன்றாமவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். கயிறு விட்டு அளக்கவில்லை. “தண்ணி கீழ போயிருச்சி, போரிங் போடணும், 9,000 ஆகும்.” வந்து பார்த்ததற்கு 50 வெள்ளி. அப்பா எனக்குப் போன் பண்ணி, கோப்பரேசியில், அதாவது கூட்டுறவுச் சங்கத்தில், போட்ட பணத்தை எடுக்கலாமா என்று கேட்டார். அந்த வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

கல்லைக் கட்டிக் கயிறு விட்டேன். பன்னிரண்டு அடியில் தண்ணீர். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற பம்பு இருபத்தைந்து அடிவரைக்கும் இழுக்கும். அதோடு, கிணற்றில் தண்ணீர் இறங்கியிருந்தால் பைப்பு இருமும், காற்றைத் துப்பும். எங்கள் வீட்டுப் பைப்பு ஒரு நாளும் துப்பியதில்லை. செத்த கிணறாம்!

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்பக்கப் பைப்பைத் திறந்துவிட்டேன். சொட்டு நிற்கும்வரை வடிந்தது. மீட்டரைப் பார்த்தால் முள் அப்போதும் 40-இல் நிற்கிறது! கண்ணாடியைத் தட்டினேன், அசையவில்லை. உள்ளே துரு ஏறி எத்தனை வருஷமாக அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ. இந்த முள்ளைப் பார்த்துத்தான் பம்பில் தெம்பு இல்லை என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

தொட்டியின் பின்பக்கம் ஒரு கறுப்பு மூடி இருக்கும். திறந்தால் உள்ளே மோட்டார்சைக்கிள் டயரில் இருப்பது போலவே ஒரு வால்வு. நடு ஊசியை நகத்தால் அழுத்தினால் காற்று சீறவேண்டும். எனக்குத் தண்ணீர் கசிந்தது, காப்பிக் கலர் தண்ணீர், விரலில். அவ்வளவுதான், நோய் கிடைத்துவிட்டது. தொட்டிக்குள்ளே ஒரு ரப்பர் பை இருக்கிறது. தண்ணீர் பைக்குள், காற்று பைக்கு வெளியே. அந்தக் காற்றுதான் ஸ்பிரிங் மாதிரி தண்ணீரைத் தள்ளிக் கொடுத்து, பம்புக்கு ஓய்வு கொடுக்கிறது. பை கிழிந்தால் தொட்டி முழுக்கத் தண்ணீர். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பைப்பைத் திறந்தவுடனே அழுத்தம் விழும், பம்பு அடிக்கும்.

ஆறு நட்டு. கழற்றினால் பை மீன் வாய் மாதிரி பிளந்து கிடந்தது. டவுனில் ஹார்ட்வேர் கடையில் புதுப் பை 45 வெள்ளி, புது மீட்டர் 18 வெள்ளி. சுவிட்சுக்குப் போகிற சின்னக் குழாயில் கிணற்றுத் தண்ணீரின் இரும்புச் சேறு அடைத்திருந்தது, கம்பி விட்டுக் குத்தினேன். எங்கள் சுவிட்சு அழுத்தம் 20 psi-இல் (டயர் காற்றை அளக்கிற அதே அளவு) ஓட வைத்து 40-இல் நிறுத்துகிறது. காற்று அந்த 20-க்கு இரண்டு குறைவாக, 18 இருக்கவேண்டும், அதையும் தொட்டியில் தண்ணீர் இல்லாதபோதுதான் அளக்கவேண்டும். அப்பாவின் சைக்கிள் பம்பால் அடித்து, டயர் அளக்கும் கருவியால் அளந்தேன். இந்த 24 லிட்டர் தொட்டி இப்போது பம்பு ஓடாமலே ஏழெட்டு லிட்டர் கொடுக்கிறது. அம்மா அன்று சாயங்காலம் தலைக்குக் குளித்தாள். தண்ணீர் ஒரே சீராக வந்தது.

63 வெள்ளி, ஒரு காலைப் பொழுது. அதற்கு முன்னால் அப்பா கொடுத்தது 1,010 வெள்ளி. போரிங்குக்குத் தலையாட்டியிருந்தாலும் இதே கிழிந்த பைதான் அங்கேயும் உட்கார்ந்திருக்கும், இதே ‘டக் டக்’தான் கேட்டிருக்கும்.

வீட்டில் எல்லா பைப்பிலும் இளைக்கிறதா, ஒரே ஒரு பைப்பில் மட்டுமா என்றுகூட எவரும் கேட்கவில்லை. ஒன்றில் மட்டும் என்றால் அதன் முனைச் சல்லடையைக் கழற்றிக் கழுவினாலே முடிந்துவிடும். ஃபில்டரை எப்போது கழுவினீர்கள் என்று கேட்கவில்லை. வயசானவர்கள் இருக்கும் வீடு, கேட்டால் கொடுப்பார்கள் என்கிற நினைப்பு. எனக்கு அதுதான் ஆறவில்லை. அப்பா மூன்று பேருக்கும் நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ‘தம்பி’ என்று கூப்பிட்டிருக்கிறார்.

அந்த அரை ஹார்ஸ்பவர் பம்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. அதையாவது திருப்பிக் கொடுங்கள் என்று இரண்டாமவருக்குப் போன் பண்ணினேன். வேறொரு வீட்டுக்கு மாட்டிவிட்டாராம்.