காலி இடம் விட்டால் போதும் என்பது சரியல்ல

“குறைந்த வாடகைக் குடியிருப்பில் திறந்தவெளியை எவ்வளவு அதிகம் விடுகிறோமோ, அவ்வளவு மக்கள் பழகுவார்கள், பெஞ்ச் மட்டும் வேண்டாம், வீணர்கள் கூடுவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் கட்டப்பட்ட புரூயிட்-ஐகோ என்ற குறைந்த வாடகைக் குடியிருப்பைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 11 மாடி கொண்ட 33 கட்டடங்கள், நடுவே தாராளமான வெளி. அங்கே சேர்ந்தவை குப்பையும் உடைந்த கண்ணாடியும்தான். அதே வளாகத்தில் இரண்டே குடும்பங்கள் பகிர்ந்த படிக்கட்டு முகப்பு சுத்தமாக இருந்ததையும், இருபது குடும்பங்களுக்குப் பொதுவான நடைகூடம் பாழானதையும் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் பதிவுசெய்திருக்கிறார். (பராமரிப்புக்குப் பணமில்லாததும் பெரிய காரணம், பழி முழுவதையும் கட்டட வடிவமைப்பின் தலையில் கட்ட முடியாது.)

ஆகவே பரப்பளவைக் கேட்காதீர்கள். அந்த இடத்தை எத்தனை வீட்டார் ‘நம்முடையது’ என்று நினைப்பார்கள் என்று கேளுங்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பிள்ளைகள் விளையாடுவது தெரிகிறதா? வீட்டுக்குப் போகும் வழியிலேயே நிழலும், பையை இறக்கி வைத்து இரண்டு வார்த்தை பேச ஒரு திண்ணையும் உண்டா?

பெஞ்ச் விஷயத்தில், நியூயார்க் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட் சொன்னது நேர்எதிர்: எல்லோரும் விரும்பி வந்து உட்காரும்படி செய்வதே வேண்டாதவர்களைச் சமாளிக்கச் சிறந்த வழி.