ஏழு மணிக்கு மேல் பெண் பிள்ளைக்குப் படிப்பு கிடையாதா?

நம் படிப்பகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை இனி நான் விளக்க வேண்டியதில்லை. மும்பை தாராவியில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தின் ஆடியோவை வாட்ஸ்அப்பில் கேட்டாயிற்று. படிப்பக வாசலில் நாலு பையன்கள் நின்று விசில் அடித்தார்கள், பெண் பிள்ளைகள் பின்னாலேயே வீடு வரைக்கும் போனார்கள். அதற்குக் கொடுத்த தீர்ப்பு: பெண் பிள்ளைகள் இனிமேல் மாலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஆண் பிள்ளைகள் வழக்கம்போலப் பத்து மணி வரை இருக்கலாம்.

வம்பு பண்ணியது ஒருவன், தண்டனை இன்னொருத்திக்கு. இதைச் சொன்னதற்கு என் பழைய பதிவின் கீழே வந்து விழும் வார்த்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வலிக்கத்தான் செய்கிறது. அது இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வயசுக்கு வந்த நாளிலிருந்து பெண் பிள்ளையிடமிருந்து நாம் பிடுங்குவது அவளுடைய நேரத்தை. உடுப்பு, குனிந்த தலை, அடக்க ஒடுக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றிப் பேசுகிறோம். நேரம் போவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பத்தாவது படிக்கிற பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு, ஐந்து பேர். விடிவதற்கு முன்னால் தண்ணீர் வருகிறது. 200 லிட்டர் டிரம் நிறைய 20 லிட்டர் கேனில் பத்து நடை நடக்க வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் 20 கிலோ. பிறகு மோரியில், அதாவது வீட்டுக்குள் கழுவுமிடத்தில், குவிந்து கிடக்கும் ராத்திரிப் பாத்திரம், தம்பிக்கு டிபன், அப்புறம் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஆறேகாலுக்குப் படிப்பகத்துக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால், ஏழுக்கு எழுந்திரு என்கிறோம். முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் போனால் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், உலை வைக்க வேண்டும், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கப் பத்தரை ஆகும். அப்பா காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர் என்றால் அதோடு லைட்டும் அணைந்துவிடும்.

இப்போது பரீட்சையைப் பாருங்கள். மகாராஷ்டிரா போர்டு பத்தாவது கணக்கு இரண்டு தாள். அல்ஜீப்ரா 40 மதிப்பெண், ஜியாமெட்ரி 40 மதிப்பெண், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். சயின்ஸும் அதே கணக்குதான், இரண்டு தாள், நாற்பது நாற்பது. பழைய கேள்வித்தாள் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். அரை அரை மணி நேரமாக நாலு தடவை உட்கார்ந்தால் சரியாகிவிடாது. ஜியாமெட்ரியில் படம் வரைந்து தேற்றத்தை நிரூபித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போனால், திரும்பி வந்து முதல் வரியிலிருந்துதான் பிடிக்க வேண்டும். கடைசியில் வரும் பெரிய கணக்குகளுக்கு அவளால் போய்ச் சேரவே முடியாது. தெரியாததால் இல்லை, அந்த வேகத்தில் எழுதி அவளுக்குப் பழக்கமே இல்லாததால். ஏழு மணிச் சட்டம் வெட்டியெறிவது சரியாக அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். ஜனவரியில் பிரிலிம், அதாவது போர்டு பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடம் வைக்கும் பரீட்சை, மார்க் வந்ததும், "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு வராது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இது தாராவிக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்தால். கையே வைக்காத ஆண்கள் அந்தச் சராசரியில் இல்லை.

"உங்களுக்கென்ன, வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கறது நாங்க" என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர். தெரியும் அண்ணாச்சி. அந்தப் பயத்தை நான் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் யாரைப் பார்த்துப் பயம்? அந்த நாலு பையன்களைப் பார்த்து. அப்படியென்றால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்கள் அப்பாவிடம் பேச வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைத் தப்பான எண்ணத்தோடு திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில் பாலியல் தொல்லை. 12-ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை. சட்டம் குற்றத்தைப் பின்னால் போனவன் மேல் வைத்திருக்கிறது. நம் கூட்டம் அதைத் தூக்கி முன்னால் நடந்தவள் தலையில் வைத்துவிட்டது.

"அம்மாமார்தான் கேட்டாங்க" என்று ஒரு பதில். கேட்டிருப்பார்கள். ஏதாவது நடந்தால் ஊர் முதலில் கேள்வி கேட்பது அவர்களைத்தானே, வளர்ப்பு சரியில்லை என்று.

"ஆம்பளப் பசங்களுக்கும் கஷ்டம் இருக்கு." இருக்கிறது. பதினாலு வயதில் பட்டறைக்குப் போகிற பையன்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்றைக்கு அதை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

"மேல்நாட்டுப் பெண்ணியம்" என்று எழுதியவருக்கு: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 15 நாடுகளில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடமும் அவர்களை வளர்ப்பவர்களிடமும் பேசி 2017-இல் வெளியிட்ட ஆய்வில் டெல்லியும் உண்டு, ஷாங்காயும் உண்டு, எடின்பரோவும் பால்டிமோரும் உண்டு. பெண் பலவீனம், அவளைக் காக்க வேண்டும். ஆண் பலசாலி, அவன் வெளியே போகலாம். ஏறக்குறைய எல்லா ஊரிலும் இதே பேச்சு. நம் பண்பாடு, நம் பண்பாடு என்று நாம் கட்டிக் காப்பது அமெரிக்காவிலும் இருக்கிறது.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறு கல்லிகளில் (சந்துகளில்) ஏற்கெனவே நடந்துவிட்டது. முதலில் ஏழு மணி. பிறகு டியூசன் வேண்டாம். ஒன்பதாவது முடிந்ததும், "வீட்டிலிருந்தே எழுதட்டும், 17-ஆம் நம்பர் பார்ம் போட்டுக்கலாம்". பள்ளிக்கூடம் போகாமல் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதுவதற்கான அந்த பார்ம் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பள்ளி விலகல் சான்றிதழ் அசல் வேண்டும், ஆதார் வேண்டும், இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கடைசித் தேதிக்குள் கட்ட வேண்டும். போன வருடம் ஒரு பிள்ளைக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், சான்றிதழில் அப்பா பெயர் பின்னால். அதைத் திருத்த அலைந்ததில் தேதி போயிற்று. கேட்பதற்கு ஒரு டீச்சர் கிடையாது. ஒரு வருடம் வீட்டில் இருந்தாள், அதற்குள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். எட்டாவதுக்கு மேல் அவளைத் தாங்குவது வீடும் நாமும் மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "படிக்க உட்காந்தா தூங்கி விழறா, அவளுக்கு ராத்திரி படிப்பகம் எதுக்கு" என்று ஆடியோவில் ஒரு குரல் கேட்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை, அதே வயது ஆண் பிள்ளைகளில் 31 பேருக்கு. சடங்கு வைத்துப் பதினாறு நாள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறோம். பதினேழாம் நாளிலிருந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு, மீன் துண்டு தம்பிக்கு. மாதாமாதம் ரத்தம் போகிறவளுக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரையைச் "சூடு" என்று தூக்கிப் போடுகிறோம், இல்லையென்றால் டீயோடு விழுங்க வைக்கிறோம். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் போட வேண்டும், கூட ஒரு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது. அவள் சோம்பேறி இல்லை. அவள் உடம்பில் ரத்தம் இல்லை.

சடங்கு மண்டபத்துக்கும் பிளெக்ஸுக்கும் சீர்வரிசைக்கும் கடன் வாங்குகிறோம். அதே வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு மேஜை விளக்கு இல்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். செய்ய வேண்டியது பெரிய காரியம் எதுவும் இல்லை. பெண் பிள்ளைகளும் ஒன்பதரை வரை இருக்கட்டும். ஒரே கல்லிக்குப் போகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கிளம்பட்டும், ஒவ்வொரு கூட்டத்தோடும் பெரியவர் ஒருவர் நடக்கட்டும். வாசலில் லைட் எரிய வேண்டும். படிப்பகத்தில் உறுப்பினர் அல்லாதவன் வாசலில் நிற்கக் கூடாது, நின்றால் அன்றைக்கே அவன் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். அதற்கும் அடங்கவில்லையென்றால் மும்பை போலீஸின் பெண்கள் உதவி எண் 103, இல்லை குழந்தைகள் உதவி எண் 1098. படிப்பகக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் ஒரு குப்பைக்கூடையும் வேண்டும். அது இல்லாததால் பிள்ளைகள் நாலு மணியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், நீர்க்கடுப்பு வருகிறது, மாதவிலக்கு நாட்களில் வருவதே இல்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெண் பிள்ளையைக்கூடக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு கூப்பிட வேண்டும், அவர்கள் பேசிய பிறகுதான் மற்றவர்கள் பேச வேண்டும். நான் வருகிறேன். இரவு ஒன்பதரைக்குப் பிள்ளைகளோடு நடக்க முடிகிறவர்கள் எந்தக் கல்லி, எந்தக் கிழமை என்று கீழே எழுதுங்கள். செவ்வாயும் வெள்ளியும் நான் நடக்கிறேன். மீதி ஐந்து நாளுக்கு ஆள் வேண்டும்.