முதல்ல வோல்ட்டை அளங்க, அப்புறம் சவுண்டைப் பத்திப் பேசலாம்

மூணு லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயர் விக்கிற டெமோ ரூம்ல ஒரு மல்டிமீட்டர் கிடையாது. வயிறு எரியுது. ரெண்டு ஆம்ப்பை வெச்சு, ரெண்டுலயும் வால்யூம் குமிழை ஒரே இடத்துக்குத் திருப்பி, "கேளுங்க சார், இது எவ்ளோ ஓப்பனா இருக்கு, அது மூடுன மாதிரி இல்ல?"ன்னு கேக்கறாங்க. வாங்க வந்தவரும் தலையாட்டிட்டுப் போறாரு.

குமிழ் ஒரே இடத்துல இருந்தா சத்தமும் ஒண்ணாயிடுமா? ஒரு ஆம்ப்போட கெயின் (உள்ள வர்ற சிக்னலை எவ்ளோ பெருக்குதுங்கற அளவு) 26 டெசிபல், இன்னொண்ணு 29 டெசிபல்னா, ஸ்பீக்கருக்குப் போற பவரே ரெண்டு மடங்கு வித்தியாசம். அதைக்கூடக் காது கண்டுபிடிச்சுடும். அரை டெசிபல்தான் ஆளைக் கவுக்கும். அது சத்தமாத் தெரியாது. தெளிவாத் தெரியும், பேஸ் இறுகின மாதிரி இருக்கும், பாடகர் ரெண்டடி முன்னால வந்து நிக்கிற மாதிரி இருக்கும். சத்தம் ஏற ஏற நம்ம காது தாழ்ந்த ஒலிகளைக் கூடுதலா வாங்கும்னு 1933லயே ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியாச்சு. இன்னமும் அந்த அரை டெசிபலுக்கு 'வெல்வெட்', 'ஏர்', 'ஹோலோகிராபிக்'னு பேர் வெச்சு விக்கிறாங்க.

சரி பண்ண அஞ்சு நிமிஷம் போதும். ஸ்பீக்கரை மாட்டினபடியே 400 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓட்டுங்க. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு ஸ்பீக்கர் டெர்மினல்லயே தொட்டுப் பாருங்க. விலை கம்மியான மீட்டர் பலதும் அந்த ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒழுங்கா காட்டும், அதான் 400. முதல் ஆம்ப்ல 1 வோல்ட் வெச்சா, ரெண்டாவது 0.99க்கும் 1.01க்கும் நடுவுல வரணும். அதுதான் 0.1 டெசிபல். குமிழ் அரை அரை டெசிபலாத்தான் நகரும்னா, பாட்டு ஓட்டுற பிளேயர் சாஃப்ட்வேர்ல மிச்சத்தைக் குறைச்சுக்கலாம். போன் ஆப்பை வெச்சு அளக்காதீங்க, கை கொஞ்சம் நகர்ந்தாலே ரீடிங் மாறிடும். டோன் கன்ட்ரோல், லவுட்னஸ் பட்டன், ரூம் கரெக்‌ஷன் எல்லாம் அணைஞ்சிருக்கான்னு அளக்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

அடுத்த கொடுமை, வயரைக் கழட்டி மாட்ட பத்து நிமிஷம் எடுத்துக்கிட்டு "வித்தியாசம் பாத்தீங்களா"ன்னு கேக்கறது. ஒலியோட நுணுக்கம் காதுல சில நொடிதான் தங்கும். அதனால சட்டுனு மாத்த, ரிலே (மின்சாரத்துல இயங்கற ஸ்விட்ச்) வெச்ச ஸ்விட்ச் பாக்ஸ் வேணும். அதுவும் பிளஸ், மைனஸ் ரெண்டையும் சேர்த்து மாத்தணும். பிரிட்ஜ் பண்ணின (ரெண்டு சேனலை ஒண்ணாச் சேர்த்த) ஆம்ப்ல, பல கிளாஸ் டி (வேகமா ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்யற) ஆம்ப்ல மைனஸ்லயும் சிக்னல் ஓடும். அதை இன்னொரு ஆம்ப்போட கிரவுண்டுல கோத்தா அவுட்புட் ஸ்டேஜ் போயிடும். டியூப் ஆம்ப்பை (டிரான்சிஸ்டருக்குப் பதிலா வால்வு வெச்சது) லோடு இல்லாம, அதாவது ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு மாட்டாம, ஓட்டக் கூடாது, ஸ்விட்ச் அந்தப் பக்கம் போனதும் அதுக்கு ஒரு 8 ஓம் பவர் ரெசிஸ்டர் வந்து சேரணும். எது ஓடுதுன்னு கேக்கறவருக்கும் ஸ்விட்ச் போடறவருக்கும் தெரியக் கூடாது. 16 தடவைக்கு 12 சரியாச் சொல்லிட்டா, அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமா இருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழ. அப்ப அவர் பேச்சை நம்பலாம்.

இதைச் சொன்ன உடனே, "எல்லா ஆம்ப்பும் ஒண்ணுதான் பாஸ்"னு ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் தப்பு! அவங்க மேலயும் கோபம் வருது. டியூப் ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் (மாறுற சிக்னலுக்கு அது காட்டற தடை) 2 ஓம்னு வெச்சுக்குவோம். ஸ்பீக்கர்ல '8 ஓம்'னு எழுதியிருந்தாலும் அது ஒரு ஃப்ரீக்வென்சில 4 ஓம், இன்னொண்ணுல 30 ஓம்னு அலையும். 30 இருக்கற இடத்துல அரை டெசிபல்தான் இறங்கும், 4 இருக்கற இடத்துல மூன்றரை இறங்கும். மூணு டெசிபல் மேடுபள்ளம்! மிருதங்கத்தோட தொப்பி பக்கம் கனமா கேக்கறதும், தம்பூரா பின்னால போறதும் இதனாலதான். 0.04 ஓம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ல அதே மேடுபள்ளம் 0.1 டெசிபலைக்கூடத் தொடாது. ஆக, 'டியூப் கேரக்டர்'னு சொல்றதுல பெரிய பங்கு அந்த ஆம்ப்பும் அந்த ஸ்பீக்கரும் சேர்ந்து செய்யறது. ஸ்பீக்கரை மாத்தினா கேரக்டரும் மாறிடும். எந்த ஸ்பீக்கர்ல கேட்டாங்கன்னே சொல்லாம ரிவ்யூ எழுதறாங்களே, அதை வெச்சு நாம என்ன பண்றது?

ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1985ல இதைச் செஞ்சே காட்டினார். அமெரிக்காவில ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரங்க கொடுத்த விலை உயர்ந்த டியூப் ஆம்ப்பையும் தன்னோட டிரான்சிஸ்டர் ஆம்ப்பையும் எதிரெதிரா வெச்சு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சு, மிச்ச ஒலி அடங்கற வரைக்கும் தன் ஆம்ப்பைத் திருத்தினார். கடைசில அவங்களால ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியலை.

கிளிப்பிங்கும், அதாவது ஆம்ப்போட சக்தி பத்தாம ஒலி அலையோட உச்சி வெட்டுப்படறதும், நிஜமான வித்தியாசம்தான். சராசரி 1 வாட்ல ஓடுற நல்ல ரெக்கார்டிங்ல உச்சம் 20 டெசிபல் மேல போனா 100 வாட் வேணும். 25 வாட் ஆம்ப் அங்க முனை மழுங்கும். அதை 'ஸ்மூத்'னு எழுதறாங்க.

இவ்வளவையும் கேட்டுட்டு கடைசில ஒரு பதில் வரும்: "200 மணி நேரம் ஓட்டுங்க சார், அப்பதான் திறக்கும்." ஆம்ப்போட பயஸ் (சிக்னல் இல்லாதப்பவும் உள்ள ஓடுற அடிப்படை மின்னோட்டம்) நிலைக்கு வர பொதுவா அரை மணி நேரம் போதும். அதுக்கப்புறம் பழகறது கேக்கறவரோட காது. தினம் மூணு மணி நேரம்னு ஓட்டினா 200 மணி நேரத்துக்கு 67 நாள் ஆகும். திருப்பிக் கொடுக்கற கெடு என்னிக்கோ முடிஞ்சிருக்கும்.