நாலு வரி மாத்தினேன்னு சொன்னா நாலு வரிதான் இருக்கணும்

நேத்து எங்க ப்ரோக்ராமர் குரூப்ல நடந்ததைப் பாத்தவங்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்ல. ஸ்கிரீன்ஷாட் கேக்காதீங்க, தரமாட்டேன். நாலே வரி மாத்த வேண்டிய இடத்துல 1,400 வரி மாறினதா சிவப்பும் பச்சையுமா வந்து நிக்குது, என்னப்பா இதுன்னு கேட்டா, "சேவ் பண்ணா எடிட்டரே வரியெல்லாம் உள்ள வெளிய தள்ளி நேராக்கி இன்டென்ட் பண்ணிடும், கோடு அழகாயிடுச்சுல்ல, தேங்க்ஸ் சொல்லுங்க"ன்னு பதில். சரிங்க. தேங்க்ஸ்.

ஆட்டோ இன்டென்டுக்கு நான் எதிரி இல்ல. என்டர் தட்டினா கர்சர் தானா உள்ள தள்ளி நிக்கணும், பிராக்கெட்டை மூடினா தானா வெளிய வரணும். ஸ்பேஸ் பாரைத் தட்டிட்டே உக்காரச் சொல்ற ஆள் நான் இல்ல. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, முழு ஃபைலையும் இன்டென்ட் பண்ணா அதைத் தனி கமிட்டா, அதாவது வேற மாத்தம் எதுவும் கலக்காத தனிப் பதிவா போடுங்க.

எங்க காலேஜ் லேப்ல டர்போ சி, சி மொழிக்கான பழைய சாஃப்ட்வேர். ரெக்கார்ட் நோட்ல ப்ரோக்ராமைக் கையால எழுதணும், பிராக்கெட்டுக்கு நேரா பிராக்கெட் வரலைன்னா மேடம் பக்கத்தையே கிழிச்சுடுவாங்க. பென்சில்ல லேசா கோடு போட்டு அதுமேல எழுதி, அப்புறம் அழிச்சு, அப்படி வளர்ந்தவன். முதல் வேலையில பக்கத்து சீட் அண்ணன் விம்ங்கற எடிட்டர்ல ஜி ரெண்டு தடவை, ஈக்வல், ஷிப்ட் ஜி அடிச்சுக் காட்டினாரு, கோணல்மாணலா கிடந்த ஃபைல் மொத்தமும் ஒரே நொடியில நேராயிடுச்சு. எனக்கு கை சும்மா இருக்குமா? பழைய சி ஃபைல் ஒண்ணை நேராக்கி, கோடு மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கற எஸ்விஎன்ல ஏத்திட்டேன். அடுத்த மாசம் அதுல ஒரு பக். எந்த வரியைக் கடைசியா யாரு மாத்தினாங்கன்னு காட்டற பிளேம் போட்டுப் பாத்தா வரிக்கு வரி என் பேரு! எழுதினவரு எப்பவோ வேலையை விட்டுப் போயிட்டாரு. மீட்டிங்ல "ஏன் இப்படி எழுதினே"ன்னு கேட்டாங்க, "நான் இன்டென்ட் மட்டும்தான் பண்ணேன்"னேன். சிரிச்சாங்க. அந்த சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

இப்ப சில பேரு வருவாங்க, "2014-ல ஆப்பிளோட எஸ்எஸ்எல் கோடுல, அதான் இணைய இணைப்பைப் பாதுகாக்கற கோடுல, வேற இடத்துக்குத் தாவச் சொல்ற கோட்டூ ஃபெயில் வரி ரெண்டு தடவை வந்து செக்யூரிட்டி ஓட்டையானது இன்டென்டாலதானே"ன்னு. ஆமாய்யா, அது என் கட்சிதான். ரெண்டாவது கோட்டூ இஃப் நிபந்தனைக்குள்ள இருக்கற மாதிரி தள்ளி நின்னுது, உண்மையில வெளிய இருந்துச்சு. எடிட்டரை இன்டென்ட் பண்ண விட்டிருந்தா அந்த வரி இடதுபக்கம் ஓடி வந்து காட்டிக் கொடுத்திருக்கும். இதுக்குன்னே ஜிசிசி கம்பைலரோட 6-வது பதிப்புல எச்சரிக்கை கொண்டுவந்தாங்க. இன்டென்ட் வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? தனி கமிட்டுன்னுதானே சொன்னேன்?

"எஸ்விஎன் மாதிரியே இருக்கற கிட்ல, மாத்தத்தைக் காட்டற டிஃப்புக்கு டபிள்யூ ஆப்ஷன் போட்டா ஸ்பேஸ் மாத்தம் மறைஞ்சிடுமே." மறையும். ஆனா உங்க ஃபார்மேட்டர் நீள வரியை மூணா ஒடிச்சிருக்கே, அது மறையாது. இதே பைத்தான் மொழியில, ஃபார் லூப்புக்கு வெளிய இருந்த ரிட்டர்ன் வரி ஒரு டேப் உள்ள போனா லூப் முதல் சுத்துலயே முடிஞ்சிடும், எரரும் வராது. டபிள்யூ போட்டுப் பாத்தா அந்த மாத்தமே கண்ணுல படாது. அங்க ஸ்பேஸ்தான்யா அர்த்தம்!

பிளேம்ல அந்த கமிட்டை மட்டும் ஒதுக்கச் சொல்ல 2019-லேர்ந்து கிட்டுலயே வழி இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. அது நல்ல பாயின்ட், ஒத்துக்கறேன். அதுக்கும் தனி கமிட்டா இருந்தாதானே ஒதுக்க முடியும்?

இதெல்லாம் கூட பரவால்ல. "அங்கிள் இன்னும் இன்டென்டுக்கு டேப்பா ஸ்பேஸான்னு சண்டை போட்ட காலத்துலயே இருக்காரு"ன்னு ஒரு கமென்ட், அதுக்கு சிரிப்பு எமோஜி பதினேழு. எண்ணினேன், ஆமா. அதுல மூணு பேரு நான் உக்கார வச்சு கிட் சொல்லிக் கொடுத்த பசங்க. அங்கிள்னு கூப்பிடுங்கப்பா, தலை நரைச்சிருக்கு, அதுல தப்பில்ல, ஆனா உங்க ஃபைலை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வரிவரியா படிச்சது இந்த அங்கிள்தான், சிரிப்பு போட்ட பதினேழு பேர்ல ஒருத்தரும் திறந்துகூட பாக்கல.

படிச்சு முடிச்சேன். நாலு வரி மாத்தினதா கமிட் மெசேஜ்ல இருக்கு, எனக்குக் கிடைச்சது மூணுதான். நாலாவது எங்கன்னு கேட்டு ரிவ்யூல போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்திருக்கு, பதில் வரல.