‘சங்க காலம்’ என்று பெயரிட்டவர்கள் யார்?

பொற்றாமரைக் குளத்தின் படத்தோடு மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தியொன்று, பாண்டியர் அவைப் புலவர்களே தம் காலத்தைச் ‘சங்க காலம்’ என்று அழைத்ததாகக் கூறுகிறது, இது தவறு. எட்டுத்தொகையிலும் பத்துப்பாட்டிலும் புலவர் அவைக்குச் ‘சங்கம்’ என்ற பெயர் இல்லை. இந்த ஊரையே பாடும் மதுரைக்காஞ்சிகூட நல்லாசிரியரின் ‘புணர்கூட்டு’ (ஒன்றுகூடிய அவை) என்றுதான் சொல்கிறது.

‘சங்கம்’ என்பது பௌத்த, சமணத் துறவியர் கூட்டத்துக்கு வழங்கிய வடசொல். அது புலவர் அவைக்குப் பெயரானதைப் பின்னர்தான் காண்கிறோம்: 7ஆம் நூற்றாண்டில் அப்பர், இறைவன் புலவனாய்ச் ‘சங்கமேறி’த் தருமிக்குப் பொற்கிழி அருளியதாகப் பாடுகிறார், 10ஆம் நூற்றாண்டின் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, பாண்டியர் ‘மதுராபுரிச் சங்கம் வைத்தும்’ சிறந்ததாகப் புகழ்கிறது. முச்சங்க வரலாற்றை விரித்துரைப்பது இறையனார் களவியல் உரை. அதிலிருந்து பெயரை எடுத்து ஒரு வரலாற்றுக் காலகட்டத்துக்குச் சூட்டியவர்கள் தற்கால ஆய்வாளர்களே.