நாலு பாட்டில்தானே கொடுத்தனுப்பினேன்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றே கால் இருக்கும். சிட்னியின் நார்த் ஷோர் பக்கம் ஒரு பெரிய வீட்டு வாசலில், பட்டுப்புடவையோடு தெருவோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் ஒரு பதினாறு வயதுப் பெண். என் மகள் இல்லை, மகளுடைய வகுப்புத் தோழி. வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து, "ஆன்ட்டி, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று அவள் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் டிக்கியில் காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்று கிடந்தது. இட்லிமாவு கொடுத்துவிட வைத்திருந்தது, அன்றைக்கு இதற்குப் பயன்பட்டது.

நாங்கள் இருப்பது மேற்கே, டூங்காபியில். மகள் படிப்பது பெண்கள் மட்டும் படிக்கும் தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். இந்த ஊரில் அந்த ரகப் பள்ளிகளில் வருடக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டி ஓடுகிறது; பாதி ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் நாங்கள் அந்தக் கேட் பக்கமே போயிருக்க மாட்டோம். தொப்பி போடாமல் ரயிலில் ஏறினால் வீட்டுக்குக் கடிதம் வரும், அவ்வளவு கண்டிப்பு. வெள்ளி மாலை மூன்றேகால் வரைக்கும்தான் அந்தக் கண்டிப்பெல்லாம். அப்புறம் சனிக்கிழமை வரும்.

அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நான் போன் செய்தேன். "சொல்லாதீங்க" என்று கெஞ்சினாள்தான், ஆனால் நினைவு போய்ப் போய் வரும் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு நான் ரகசியம் காக்க முடியாது. அந்த அம்மா பதறுவார், அழுவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னது இதுதான்: "அப்படி ஆகியிருக்க முடியாதே. நான் நாலு க்ரூஸர்தானே கொடுத்தனுப்பினேன்."

க்ரூஸர் தெரியாதவர்களுக்கு: வோட்காவில் பழச்சுவையும் சர்க்கரையும் கலந்த, ரோஸ் கலரும் நீலக் கலருமாக வரும் 275 மில்லி பாட்டில். பார்த்தால் நம் ஊர் கோலி சோடாவுக்கு மேக்கப் போட்டது போல இருக்கும். ஒரு பாட்டில் என்பது ஏறக்குறைய ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க், அதாவது 10 கிராம் ஆல்கஹால். அந்த அம்மாவின் கணக்கு தெளிவான கணக்கு. பிள்ளை எப்படியும் குடிக்கும். கண்டதைக் குடிப்பதைவிட நானே அளந்து கொடுத்துவிடுகிறேன். நாலு முடிந்தால் கதை முடிந்தது.

கதை அங்கே முடியவில்லை. அவளுடைய கைப்பையில் ஒரு 600 மில்லி தண்ணீர் பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் காலி. மூடியைத் திறந்தேன், மூக்கில் ஏறியது. வேறு யாரோ ஒரு பிள்ளையின் அண்ணன் வாங்கிக் கொடுத்த வோட்கா. நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன் (கணக்கு வாத்தியார் மகள், என்ன செய்ய). 300 மில்லி வோட்கா என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஸ்டாண்டர்டு டிரிங்க். அம்மா கொடுத்த நாலோடு சேர்த்தால் பதின்மூன்று. வளர்ந்த ஆளுக்கே ஒரு நாளில் நாலுக்கு மேல் வேண்டாம் என்பது இந்த நாட்டின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020-இல் சொன்ன வழிகாட்டுதல். பதினெட்டு வயதுக்குக் கீழே எத்தனை என்று அதே வழிகாட்டுதலில் கேட்டால் பதில்: ஒன்றுகூட வேண்டாம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த வோட்கா இல்லை, அந்த நாலு பாட்டில். பெண்கள் பள்ளிப் பார்ட்டிகளில் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நம்மவர்களைக் கேட்டால் "கெட்ட சகவாசம்" என்பார்கள், "பையன்கள் கொண்டுவருவது" என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பகுதி வருவது வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து. நல்ல வேலையில் இருக்கிற, பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிற அப்பா அம்மா கையால். பார்ட்டிக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் செய்தியே வரும். எனக்கும் வந்தது. மாடியில் நாங்கள் இருப்போம், வாசலில் செக்யூரிட்டி இரண்டு பேர் இருப்பார்கள், பிள்ளைகள் அவரவர் பானத்தைக் கொண்டுவரலாம், உங்கள் மகளுக்கு ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். கடைசியில் ஒரு சிரித்த முகம். சுற்றுலாவில் கடலை அலர்ஜி உண்டா என்று கேட்பதுபோல.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, தனியார் வீட்டில்கூடப் பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு மதுவைக் கொடுக்கும் உரிமை அந்தப் பிள்ளையின் பெற்றோர், காப்பாளர், அவர்கள் அனுமதித்த ஆள் ஆகியோருக்கு மட்டும்தான். அப்போதும் பொறுப்பான மேற்பார்வை இருக்க வேண்டும். மீறினால் 11,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. ஆக, அந்த வாட்ஸ்அப் செய்தி வெறும் மரியாதை இல்லை; கேஸ் வராமல் இருக்க வாங்கி வைக்கிற ஒப்புதல். மாடியில் உட்கார்ந்து டிவி பார்ப்பது மேற்பார்வையா என்று கேட்டால், எனக்கு அது வீட்டில் ஆள் இருந்தது என்பதற்கு மேல் வேறொன்றும் இல்லை.

"வீட்டில் அளவாகக் குடித்துப் பழகினால் வெளியே அளவு தெரியும்" என்று இங்கே எல்லாரும் ஒரு சித்தாந்தம் வைத்திருக்கிறார்கள். பிரான்சில் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கு ஒயின் ஊற்றுகிறார்கள் பாருங்கள் என்று உதாரணம் வேறு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நானே ஒரு காலத்தில் தலையாட்டியவள். ஆனால் இதை இங்கேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். சிட்னி, பெர்த், ஹோபர்ட்டில் 1,900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஏழாம் வகுப்பிலிருந்து ஆறு வருடம் பின்தொடர்ந்து, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேட்டிக் குழு 2018-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியிட்டது. பெற்றோர் கொடுத்ததால் பிள்ளைக்குப் பாதுகாப்பு கூடியதற்கு எந்த அடையாளமும் இல்லை. மாறாக, மூக்குமுட்டக் குடிப்பதும் அதனால் வரும் பாதிப்பும் அந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தன. அடுத்த வருடம் மற்றவர்களிடமிருந்து வாங்கிக் குடிக்கும் வாய்ப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். அன்றைக்கு அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருந்தபோது இந்தக் கடைசி விஷயம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா நாலு என்று நினைத்தது உச்சவரம்பு. பிள்ளைக்கு அது அனுமதிச் சீட்டு.

பையன்கள் பள்ளியிலும்தானே குடிக்கிறார்கள், பெண்கள் பள்ளியை மட்டும் ஏன் சொல்கிறாய் என்று இந்நேரம் யாராவது டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். சொல்கிறேன்.

இந்தப் பெண்கள் வாரம் ஐந்து நாள் ஒரு பையன் முகத்தைப் பார்ப்பதில்லை. பஸ்ஸில், பேச்சுப்போட்டியில் பார்த்தால் உண்டு. அதனால் சனிக்கிழமை இரவு மூன்று மணி நேரத்தில் எல்லாம் நடந்தாக வேண்டும்: பேச, சிரிக்க, ஃபார்மல் என்கிற பள்ளி நடன விருந்துக்கு ஜோடி தேட, யார் கூட்டத்தில் யார் என்று நிலைநாட்ட. வெட்கத்தை முழுங்க ஏதாவது வேண்டியிருக்கிறது. அதற்காக "ப்ரீஸ்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பார்ட்டிக்குப் போகும் முன்பே யாராவது ஒருத்தி அறையில் கூடிக் குடிப்பது. போய்ச் சேரும்போதே தைரியம் வந்திருக்க வேண்டுமாம்.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை: அவர்கள் சாப்பிடுவதில்லை. அந்த உடை வயிற்றில் ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக மதியத்திலிருந்தே பட்டினி. அன்றைக்கு அந்தப் பிள்ளை எடுத்த வாந்தியில் ஒரு பருக்கை இல்லை, நீலத் தண்ணீர்தான். பெண் உடம்பில் நீரின் அளவு குறைவு, அதனால் ஒரே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். அதோடு வெறும் வயிறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் தெருவோரத்தில் மடியில் வைத்துப் பார்த்தேன். பள்ளியில் போதை விழிப்புணர்வு வகுப்பு எடுக்கிறார்கள், படம் போட்டுக் கல்லீரலைக் காட்டுகிறார்கள். பதினாறு வயதுக்காரிக்குக் கல்லீரல் என்பது தாத்தாக்களுக்கு இருக்கிற உறுப்பு. போகும் முன் ஒரு தட்டுச் சோறு சாப்பிடு என்று யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, விடிந்த பிறகு நடப்பது. குடித்து விழுந்த பையனுக்கு அது திங்கட்கிழமை சொல்லிச் சிரிக்கிற கதை. பெண்ணுக்கு வீடியோ. 2021 பிப்ரவரியில் சானல் கான்டோஸ் என்ற பெண், சிட்னியின் தனியார் பெண்கள் பள்ளி ஒன்றில் படித்தவர், இன்ஸ்டாகிராமில் ஒரு கேள்வி கேட்டார்: உங்களுக்கோ உங்களுக்கு நெருக்கமானவருக்கோ, பையன்கள் பள்ளியில் படித்த ஒருவனால் பாலியல் வன்முறை நடந்திருக்கிறதா? அதைத் தொடர்ந்து பெண்களின் சாட்சியங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. கொஞ்சம்தான் என்னால் படிக்க முடிந்தது. படித்தவற்றில் திரும்பத் திரும்ப அதே வீடு, அதே பார்ட்டி, நினைவு தப்பிய அதே பெண். அவர் தொடங்கிய இயக்கத்தால்தான் சம்மதம் பற்றிய பாடம் 2023 முதல் ஆஸ்திரேலியப் பாடத்திட்டத்தில் கட்டாயமானது. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அப்போது ஓடிய பேச்சு என்ன? "பொண்ணு எதுக்குக் குடிக்கணும்?" குற்றம் செய்தவன் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நினைவு தப்பிய பெண்ணை ஒருவன் தொட்டால் குற்றவாளி அவன்தான், க்ரூஸர் இல்லை. அந்தப் பிள்ளைகள் நினைவு தப்பும் அளவுக்கு ஊற்றிக்கொடுத்த பெரியவர்கள் பற்றித்தான் என் கேள்வி.

சரி, வெள்ளைக்காரர்களைச் சொல்லியாயிற்று. அன்றிரவு நான் ஏன் பட்டுப்புடவையில் இருந்தேன் என்று சொல்லவில்லையே. நண்பர் வீட்டு அறுபதாம் கல்யாண விருந்திலிருந்து பாதியில் எழுந்து போனேன். ஹாலில் மது கிடையாது, பெரியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா! அதனால் கார் பார்க்கிங்கில். திறந்த டிக்கியைச் சுற்றி எட்டுப் பத்து ஆண்கள், பேப்பர் கப், ஐஸ் பை, ஊறுகாய்க்குப் பதில் சிக்கன் 65. என் கணவரும் அதில் ஒருவர். பிள்ளைகள் ஐஸ் எடுத்துவரப் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

அந்தத் தோழியை அவள் அப்பா வந்து கூட்டிப்போன பிறகு (அவர் முகத்தில் இருந்த வெட்கத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது) காரில் மகளிடம் ஆரம்பித்தேன். இந்த ஊர்ப் பெற்றோர் இப்படி, நம் வீட்டில் இப்படியா, என்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "அங்க அப்பா டிக்கிகிட்ட என்னம்மா பண்ணிட்டிருந்தார்? ஜூஸா?"

பெரியவர்கள், வயது வந்தவர்கள், அளவாக என்று ஏதோ சொன்னேன். எனக்கே காதில் விழுந்தது, அந்த அம்மா போனில் பேசிய அதே தொனி. அப்புறம் கேட்டேன், நீ குடித்தாயா? "ஒரு வாய். நல்லா இல்ல. இருமல் மருந்து மாதிரி." நம்புகிறேனா? பாதி. எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு: எந்த நேரமானாலும் கூப்பிடலாம், காரில் கேள்வி கிடையாது, கேள்வி மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அன்றைக்கு நானே அதை மீறிவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன்.

இன்னொரு விஷயமும் அவள்தான் சொன்னாள். அந்தப் பார்ட்டியில் பாதிப் பெண்களுக்கு மேல் குடிக்கவே இல்லையாம். சும்மா கையில் ஒரு பாட்டில் வைத்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சிலர் ஒரே பாட்டிலோடு இரவு முழுக்கச் சுற்றினார்களாம். இதில் எனக்கு ஆச்சரியமில்லை; இந்த நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் இருந்ததைவிட இப்போது பதின்வயதினர் குடிப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று தேசியக் கணக்கெடுப்புகள் வரிசையாகச் சொல்கின்றன. பிள்ளைகள் தாங்களாகவே விலகிக்கொண்டிருக்கிறார்கள். "எல்லாரும் குடிக்கிறார்கள், நம் பிள்ளை மட்டும் தனித்து நிற்கக்கூடாது" என்று பயந்து பையில் நாலு பாட்டில் வைத்து அனுப்புவது நாம்தான்.

பார்ட்டிக்கே அனுப்பாதே என்று கமென்ட் போடுபவர்களுக்கு முன்கூட்டியே பதில்: அனுப்புவேன். அனுப்பாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அன்றைக்கு அங்கே இருந்தார்கள். அவர்கள் வீட்டில் அவர்கள் "தோழி வீட்டில் கெமிஸ்ட்ரி படிக்கிறார்கள்". விழுந்தால் யாருக்குப் போன் செய்வார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு மறுநாள் ஒரு செய்தி அனுப்பினேன். குறை சொல்லி இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அடுத்த தடவை நாம் யாருமே எதுவும் கொடுத்து அனுப்பாமல் இருந்து பார்ப்போமா, ஒரே வகுப்பில் பத்து அம்மாக்கள் சேர்ந்தால் போதும் என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை. வேறு நாலு பேருக்கு அனுப்பியதில் மூன்று பேர் சரி என்றார்கள். ஒருவர், தான் சொல்ல நினைத்துக் கூச்சப்பட்டதாக எழுதினார்.

பட்டுப்புடவை டிரை கிளீனிங்கிலிருந்து வந்துவிட்டது. கறை போய்விட்டது, வாசனை லேசாக இருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. கணவரிடம் டிக்கி விஷயத்தைப் பேசினேன். "அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார். பேச்சு இன்னும் முடியவில்லை.

வரும் சனிக்கிழமை அடுத்த பார்ட்டி. அலங்காரமெல்லாம் எங்கள் வீட்டில்தான் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஆறு பிள்ளைகள் வருகிறார்கள், அந்தத் தோழியும் உண்டு. தோசை மாவுக்கு இரண்டு கிலோ அரிசி ஊறப்போடப் போகிறேன். உடை இறுக்குகிறது என்று யாராவது சொன்னால் ஊக்கு வைத்திருக்கிறேன்.