"கார்டு போச்சு சார்" என்று சொல்லும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

கேம் விளையாடும்போது ஸ்கிரீன் கறுப்பாகிவிடுகிறது என்று போய் நின்றால், பல கடைகளில் கேபினட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "கிராபிக்ஸ் கார்டு போச்சு சார்." போயிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேமிங் கணினியில் பெரும்பாலும் விலை அதிகமான பொருளே அதுதான், அதை முதலில் சந்தேகப்படுவதால் யாருக்கு லாபம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

ஸ்கிரீன் எப்படி அணைந்தது என்று கேட்காமல் யாரும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. சத்தம் தொடர்ந்து கேட்டதா? ஃபேன் திடீரென்று அலறியதா? ஒரு நொடியில் படம் திரும்பி வந்ததா, கேம் மட்டும் மூடிக்கொண்டதா, மொத்தமாக ரீஸ்டார்ட் ஆனதா? ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறது.

ஒரு நொடி கறுப்பாகி, படம் திரும்ப வந்து, கேம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் முதலில் கார்டிலிருந்து மானிட்டருக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 2.0 வகைக் கேபிள் தாங்குவது நொடிக்கு 18 ஜிகாபிட், 2.1 தாங்குவது 48. பழைய கேபிளை வைத்துக்கொண்டு புது மானிட்டரில் 4கே, 120 ஹெர்ட்ஸ் என்று செட்டிங்ஸை ஏற்றினால் அது திணறத்தான் செய்யும். மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டு ஒரு மாலை முழுக்க விளையாடுங்கள். பிரச்சினை வரவில்லையென்றால் செலவு ஒரு கேபிளோடு முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஸ்கிரீன் உறைந்து, கறுப்பாகி, டெஸ்க்டாப் திரும்பி வந்து, கேம் மட்டும் செத்துப்போயிருந்தால் அது வேறு கதை. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு: கொடுத்த வேலைக்குக் கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால், டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, விண்டோஸ் அதுவாகவே ரீசெட் செய்யும். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் அமைப்புகளில் போய் 10 ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதனால் கேம் இன்னும் எட்டு நொடி உறைந்து நிற்குமே தவிர, கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பது அப்படியேதான் இருக்கும். அதைவிட டி.டி.யூ. என்ற இலவச மென்பொருளை விண்டோஸின் சேஃப் மோடில் ஓட்டி, பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒன்றிரண்டு பதிப்பு பின்னால் போய்ப் போட்டுப் பாருங்கள். புது டிரைவர்தான் நல்ல டிரைவர் என்பதெல்லாம் இல்லை. 2025 தொடக்கத்தில் என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகள் வந்தபோது கறுப்பு ஸ்கிரீன் புகார்கள் குவிந்து, அந்த நிறுவனம் அடுத்தடுத்து டிரைவர் திருத்தங்களை வெளியிட வேண்டியிருந்தது.

இனி நம் ஆட்கள் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாத எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. கார்டுக்கு நாற்பதாயிரம் கொடுப்பவர் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இரண்டாயிரத்தைத் தாண்ட யோசிக்கிறார், எனக்கு இது புரிந்ததே இல்லை. மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டு எடுக்கக்கூடியது 75 வாட், 8 பின் கனெக்டர் ஒன்று தருவது 150 வாட். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டின் கணக்கு 320 வாட். இது சராசரி, சண்டைக் காட்சி திடீரென்று வெடிக்கும்போது சில மில்லி நொடிகளுக்கு அதைத் தாண்டி எகிறும். அந்த எகிறலை எஸ்.எம்.பி.எஸ். தாங்காவிட்டால் டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய கணினி கேமில் பட்டென்று அணையும். எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான, 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறையில், குறித்த வாட்டைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ நொடிகளுக்குத் தாங்க வேண்டும் என்று சேர்த்ததே இதனால்தான். 80 பிளஸ் முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றிதழ், தரத்துக்கு அல்ல. லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

என் சித்தப்பா பையன் போன வருஷம், "அண்ணா, கடையில கார்டு மாத்தணும்னு சொல்றாங்க" என்று போன் செய்தான். கேபினட்டின் பக்கத்துக் கதவைக் கழற்றிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வந்த ஒரே கேபிள், நுனியில் இரண்டாகப் பிரிந்து, கார்டின் இரண்டு சாக்கெட்டிலும் செருகியிருந்தது. பெட்டிக்குள் இன்னொரு கேபிள் பிரிக்காமலேயே கிடந்தது. சாக்கெட்டுக்கு ஒரு கேபிள் என்று தனித்தனியாக மாற்றியதோடு சரியாகிவிட்டது, கார்டு இன்றும் அதேதான்.

நம் வீடுகளுக்கு இன்னொன்றும் உண்டு, இன்வெர்ட்டர். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும். ஆனால் இப்போதைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களுக்குள் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற, உள்ளே வரும் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட் இருக்கிறது, அதற்கு அந்தக் கரடுமுரடான அலை ஒத்துப்போகாமல் போகலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது, கேம் ஓடும் லோடில் மட்டும் கணினி அணைந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். ஈவென்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று இருப்பதைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ்.தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். விண்டோஸ் ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த எண்ணில் வேறு ஒன்றும் இல்லை.

சூட்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், ஆனால் சூடேறினால் கார்டு முதலில் தன் வேகத்தைத்தான் குறைக்கும். படம் திக்கித் திணறி, அதற்கப்புறம் அணைந்தால் சூடு காரணமாக இருக்கலாம். வெப்பநிலையைக் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டுப் பாருங்கள், தூசி தட்டுங்கள், அவ்வளவுதான்.

ஸ்கிரீனில் வரும் செய்தியையும் அப்படியே நம்ப முடியாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர் வைத்திருந்த பலருக்கு அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் உருவான கேம்களில் "வீடியோ மெமரி போதவில்லை" என்று வந்தது. படிக்கிறவன் கார்டைத்தானே திட்டுவான்? உண்மையில் கெட்டுக்கொண்டிருந்தது பிராசசர். 2024 ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இன்டெல் இரண்டு வருஷம் நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது என்பதால் அதை மாற்றித்தான் வாங்க வேண்டும். அந்தச் சமயத்தில் எத்தனை நல்ல கார்டுகள் கை மாறியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

உண்மையிலேயே கார்டு போவதும் உண்டு. 2021-இல் நியூ வேர்ல்ட் கேமின் பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில், சில ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் செத்தன, ஒரு சிறு தொகுதியில் சால்டரிங் சரியில்லை என்று அவற்றைத் தயாரித்த ஈ.வி.ஜி.ஏ. நிறுவனமே ஒப்புக்கொண்டது. உங்களுடையதும் அப்படியா என்று தெரிந்துகொள்ள ஒரே நேர்மையான வழி, நண்பர் வீட்டுக் கணினியில் அதைச் செருகி அதே கேமை ஓட்டுவது. அங்கேயும் அணைந்தால் சரி, கார்டுதான். வாரண்டி இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் ஹீட் கன் வைத்துச் சூடாக்கி உயிர் கொடுக்கிறேன் என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள், அப்படி எழுந்த கார்டு ரொம்ப நாள் நிற்பதில்லை. அப்படிப்பட்ட கார்டுகள் செகண்ட் ஹேண்டிலும் சுற்றுகின்றன. வாங்கப் போனால் டெஸ்க்டாப்பைக் காட்டியதும் தலையாட்டிவிட்டு வராமல், கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், "நேரமில்லை தம்பி" என்றால் கார்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.